1835ல் ஊட்டியில் அடிமைச் சந்தை நடந்ததா?

நீங்கள் கேட்டது இது. 1835ல் நடக்கும் நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கதாநாயகிக்குப் பதினான்கு வயது. ஊட்டிச் சந்தையில் கையில் விலங்கோடு ஏலம் போகிறாள், ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்கிறாள், கடைசியில் கப்பலேற்றப்படுகிறாள். "இப்படி நடந்திருக்க வாய்ப்பு உண்டா?" என்கிறீர்கள். உண்டு, இல்லை என்று ஒரே சொல்லில் முடிக்கலாம்தான். ஆனால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நம் மலையில் நடந்ததை அடிமை வியாபாரம் என்று சொல்லலாமா, சொன்னால் அமெரிக்காவில் பருத்திக்காட்டில் நடந்த மாதிரியே காட்ட வேண்டுமா? எனக்குப் பதில் சொல்ல ஆசை வந்ததே அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

நான் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வீடு கூடலூரில். வேலையில் இருந்த காலத்தில் கோடை விடுமுறை வந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். வருவாய்த் துறைக் கடிதங்கள், மாஜிஸ்திரேட் அறிக்கைகள், தோட்டக் கணக்குகள், இவைதான் எனக்குப் பழக்கம். அதாவது ஆண்டவர்கள் எழுதி வைத்ததைப் படித்தவன். அவர்களிடம் அடிபட்டவர்களின் பாட்டும் கதையும் அவர்கள் பிள்ளைகளிடம் இருக்கின்றன. அதை நான் வெளியே நின்று கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சட்டென்று முடியக்கூடியவை. 1835ல் ஊட்டியில் தேயிலைத் தோட்டம் கிடையாது. 1830களில் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் அரசுப் பண்ணையில் சில கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள், அது பரிசோதனை. கூலியாட்களை வைத்து வியாபாரத்துக்குப் பயிரிட்டது 1860களை ஒட்டித்தான். அதற்கு முன் காப்பி. ஊட்டியே அப்போது சின்னப் பிள்ளை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல்தான் மலையேறினார், ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கியது 1822ல். தோடர், கோத்தர், படுகர், குறும்பர் இருந்த அந்த மேட்டு நிலத்தில் ஆளை நிறுத்தி ஏலம் போட்டதாக நான் எந்தக் காகிதத்திலும் பார்த்ததில்லை. படுகர் தோடருக்குக் கொடுத்த தானியத்தை அடிமை வரி என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. அது ஊர்களுக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல் முறை, ஆளை விற்கிற விஷயமே இல்லை. ஆக, ஊட்டிச் சந்தை, தேயிலை, ஏலம் மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

அதற்காக கதையையே கைவிட வேண்டியதில்லை. மலையிறங்கி என் ஊர்ப் பக்கம் வாருங்கள்.

இன்றைய கூடலூர், பந்தலூர் பகுதி அன்றைக்கு நீலகிரியில் இல்லை. தென்கிழக்கு வயநாடு என்ற பெயரில் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1877ல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். மலபாரில் ஆளை விற்பது ஒளிவுமறைவாக நடந்த காரியமல்ல, ஊரறிந்த வழக்கம். 1800-01ல் மைசூரிலிருந்து மலபார் வரை பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் அதை ஒரு நிலக்கணக்கு மாதிரி எழுதி வைத்திருக்கிறார். ஆளைக் கைமாற்ற மூன்று வழி. ஜென்மம் என்றால் அறுதியாக விற்பது. காணம் என்றால் அடமானம். பாட்டம் என்றால் வருஷக் குத்தகை. கவனித்தீர்களா, மூன்றுமே நிலத்துக்குச் சொல்கிற வார்த்தைகள். வயலை எப்படி விற்றார்களோ, அடகு வைத்தார்களோ, குத்தகைக்கு விட்டார்களோ அப்படியே ஆளையும். குத்தகை ஆணுக்கு வருஷத்துக்கு எட்டுப் பணம், பெண்ணுக்கு அதில் பாதி. புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து விற்கக் கூடாது, ஆனால் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாம், அண்ணனிடமிருந்து தங்கையைப் பிரிக்கலாம். இதுவும் அவர் எழுதியதுதான். அடமானத்தையும் குத்தகையையும் பற்றி அவர் ஒன்று சொல்கிறார்: வேலை வாங்குகிறவனும் சோறு போடுகிறவனும் ஒருவனே, ஆள் அவனுக்குச் சொந்தமில்லை, ஆகவே வேலையைக் கூட்டி சோற்றைக் குறைப்பதில்தான் அவனுக்கு லாபம். வாடகை மாட்டைப் பற்றி நம் ஊரில் சொல்வது ஞாபகம் வருகிறது.

உங்கள் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இங்கே இடம் இருக்கிறது. ஏல மேடை தேவையில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்து இரண்டு பேர் பேசி முடிக்கலாம். அவள் கொல்லையில் நெல் குத்திக்கொண்டிருக்கலாம். அப்பா அம்மா ஒரு காரணவருக்கு (நிலக்காரக் குடும்பத்தின் தலைவருக்கு), அவள் இன்னொருவருக்கு. ஓலை எழுதினால் போதும். ஆளை எழுதிக் கொடுக்கிற ஓலை தமிழ் வாசகருக்குப் புதிதும் அல்ல. சுந்தரர் கல்யாணப் பந்தலில் கிழவர் வேடத்தில் வந்த சிவன் நீட்டுவது ஆளோலைதானே. பக்தியில் அது இனிக்கிறது. அதே ஓலையை இந்தப் பெண்ணின் பக்கம் நின்று படித்துக் காட்டினால் உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைக்கும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1833ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழித்துவிட்டதே, 1835ல் எப்படி நடக்கும் என்று. அந்தச் சட்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். இலங்கைக்கும் விலக்கு. அதனால் 1835ல் மலபாரில் அடிமை முறை சட்டப்படி அப்படியே இருந்தது. இங்கே முதல் வெட்டு விழுந்தது 1843ல், அந்த ஆண்டின் ஐந்தாம் சட்டம். அதுவும் அடிமையை விடுதலை செய்யவில்லை. 'இவன் என் அடிமை' என்று யாராவது கோர்ட்டுக்கு வந்தால் அந்த உரிமையை அரசு ஏற்காது என்றது, அவ்வளவுதான். கோர்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஒருவனுக்கு அதனால் அன்றைக்கு என்ன மாறியிருக்கும்? ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றானது 1860ல் இயற்றிய தண்டனைச் சட்டத்தில். அது அமலுக்கு வந்தது 1862ல். உங்கள் கதை 1835ல் தொடங்கி கதாநாயகிக்கு நாற்பது வயது தாண்டும்வரை போனால் இந்த மூன்று காலத்தையும் அவள் வாழ்ந்து கடப்பாள். மூன்றிலும் அதே வயலில் நாற்று நடுவாள். நான் நாவலாசிரியன் இல்லை, ஆனாலும் எனக்கு இது நல்ல கட்டாகப் படுகிறது.

அப்புறம் வள்ளியூர்க்காவு. வயநாட்டில் மானந்தவாடிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருக்கிற பகவதி கோயில். மீன மாதத்தில், நம் பங்குனியில், பதினான்கு நாள் திருவிழா. இந்தத் திருவிழாவில்தான் நிலக்காரர்கள் வயநாட்டுப் பழங்குடிகளான பணியர்களையும் அடியர்களையும் அடுத்த ஒரு வருஷ வேலைக்குப் பேசி எடுத்துக்கொண்டு போவார்கள். கையில் கொஞ்சம் பணம், ஒரு துணி. அந்தப் பணத்துக்கு நிப்புப் பணம் என்று பெயர், நிற்பதற்கான பணம். பகவதி சாட்சியாக வாங்கியாயிற்று, இனி அந்த வருஷம் முழுக்க வேறிடம் போகக் கூடாது, போனால் அம்மன் கோபிப்பாள். விலங்கு எதற்கு? கூலி பணமாகக் கிடையாது, நெல்லாக அளப்பார்கள், அதற்கு வல்லி என்று பெயர். இந்த வழக்கம் இந்திய சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது அது வயநாட்டில் பழங்கதை ஆகிவிடவில்லை. திருவிழாவில் ஆளெடுத்த காட்சியை நேரில் பார்த்த கிழவர்களோடு நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் சொன்னது: "எங்களை ஆரும் பிடிச்சிட்டுப் போகலைங்க. நாங்களேதான் நடந்து போனோம். போகாம எங்க போறது?"

இதில் ஒரு எச்சரிக்கை. வள்ளியூர்க்காவு வழக்கம் 1835ல் எப்படி நடந்தது என்பதை இருபதாம் நூற்றாண்டில் நடந்ததை வைத்துத்தான் பின்னோக்கி ஊகிக்கிறோம். திருவிழா, ஒரு வருஷக் கட்டு, அம்மன் சாட்சி, இவற்றை தைரியமாக எழுதுங்கள். யார் எந்த வரிசையில் நின்றார்கள், தரகு எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் கற்பனை என்று தெரிந்தே எழுதுங்கள்.

பணியர்களைப் பற்றி எழுதினால் ஒரு பழைய குழியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுருள் முடியைப் பார்த்துவிட்டு, இவர்கள் மலபார் கடற்கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கிய ஆப்பிரிக்கர்களின் வம்சம் என்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அடிமை என்றால் ஆப்பிரிக்கர் என்று அவர்கள் மனதில் ஊறிப்போயிருந்தது போல. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டனே 1909ல் இந்தக் கதை ஆராய்ந்து பார்த்தால் நிற்காது என்று எழுதிவிட்டார். ஆனாலும் இன்றைக்கும் சுற்றுலா வழிகாட்டிகள் வேன் ஜன்னலிலிருந்து கை காட்டி இதையே சொல்கிறார்கள். பணியர்கள் தங்கள் பூர்வீகமாகச் சொல்வது இப்பிமலை. அங்கிருந்து பிடித்து வந்து வேலைக்கு வைத்தார்கள் என்கிறார்கள், சில வடிவங்களில் வலை வீசிப் பிடித்ததாக வரும். இப்பிமலை எங்கே என்று வரைபடத்தில் தேடுவது என் வேலை, உங்கள் வேலை அல்ல. 'காட்டில் இருந்தோம், பிடித்துவிட்டார்கள்' என்று ஒரு சனமே நினைவு வைத்திருக்கிறது. நாவலுக்கு அதைவிடப் பெரிய ஆவணம் வேண்டுமா?

அந்தக் காலத்துப் பணியப் பெண்ணை எப்படிக் காட்டுவது என்று திணறுவீர்கள். ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். காதில் பெரிய துளை, அதில் சுருட்டிய ஓலை வளையம் அல்லது வட்டமான தோடு. தோட்டின் முகத்தில் மெழுகு பூசி அதில் குன்றிமணிகளை நெருக்கமாகப் பதித்திருப்பார்கள். சிவப்பும் கறுப்புமாக. தங்கம் இல்லை, வெள்ளி இல்லை, வேலியில் காய்த்துக் கிடப்பதையும் காட்டுத் தேனீயின் மெழுகையும் வைத்துச் செய்தது. வெயிலில் நாற்று நடும்போது மெழுகு இளகும், ஒரு மணி உதிரும். அந்த மணி வயல் சேற்றில் எங்கேயோ கிடக்கும். இதை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்துவிட்டு எழுதாதீர்கள், கையில் வாங்கிப் பாருங்கள், எவ்வளவு லேசு என்று தெரியும்.

வில்லன் வேண்டும், நல்லவன் வேண்டும் என்று தேடுகிறீர்கள் என்றால், ஒரே ஆளில் இரண்டையும் தருகிறேன். தாமஸ் ஹார்வி பேபர். தலைச்சேரியில் சப்கலெக்டராக இருந்தபோது 1805ல், கம்பெனியை எதிர்த்துப் போராடிய பழசி ராஜாவை விரட்டிப் பிடிக்கப் போன படையை நடத்தியவர். ராஜா அந்த மோதலில்தான் இறந்தார். அதே பேபர் பிறகு மாஜிஸ்திரேட்டாக இருக்கும்போது, 1811-12 வாக்கில், கண்ணூர்ப் பக்கத்து அஞ்சரக்கண்டித் தோட்டத்தில் நுழைந்தார். கம்பெனியிடமிருந்து அதைப் பெற்று நடத்திய மர்டாக் பிரவுன் அங்கே மிளகு, லவங்கப்பட்டை போட்டிருந்தார். திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து கடத்தி வந்த பிள்ளைகள் அங்கே அடிமைகளாக இருந்தார்கள். பேபர் அவர்களை மீட்டார், வெள்ளைக்காரர் என்று பார்க்காமல் பிரவுனோடு கடைசிவரை சண்டை போட்டார், பின்னாளில் லண்டனில் பாராளுமன்றக் குழுவின் முன் மலபார் அடிமைகளைப் பற்றிச் சாட்சியும் சொன்னார். வயநாட்டுக்காரருக்கு அவர் ராஜாவைக் கொன்றவர். அந்தப் பிள்ளைகளுக்கு? உங்கள் கதைக்கு இருபது வருஷம் முந்தி நடந்தது இது. அப்படி மீட்கப்பட்ட ஒரு பிள்ளை வளர்ந்து உங்கள் கதாநாயகிக்குத் தாயாக இருப்பது ஆண்டுக் கணக்குக்குச் சரியாக வரும்.

இனி கொஞ்சம் என் வீட்டுக் கதை. 1840களிலிருந்து வயநாட்டிலும் கூடலூரை அடுத்த ஆக்டர்லோனி பள்ளத்தாக்கிலும் காப்பி வந்தது. காப்பிக்கு ஆள் போதவில்லை. மைசூர்ச் சீமையிலிருந்தும் சேலம், கோயம்புத்தூர்ப் பக்கமிருந்தும் மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார்கள். இது அடிமை வியாபாரம் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுகிற எழுத்து இப்போது நிறைய வருகிறது. தோட்டத்து ஆளை அவன் பிள்ளையோடு சேர்த்து விற்க முடியாது, அவன் பெயரில் ஒப்பந்தம் இருந்தது, கணக்கு தீர்ந்தால் ஊருக்குப் போகலாம். 'கணக்கு தீர்ந்தால்' என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 1859ல் ஒரு சட்டம் போட்டார்கள். முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், அவர் சொல்லியும் வேலை செய்யாவிட்டால், பணத்தைத் திருப்பாவிட்டால், மூன்று மாதம் வரை கடுங்காவல். கடனுக்கு ஜெயில்! அடிமை முறையைக் கோர்ட்டில் கைவிட்டு பதினாறு வருஷத்தில் வந்தது இது. 1926 வரை உயிரோடு இருந்தது.

என் தாத்தா ஒரு மேஸ்திரி. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆள் கூட்டி வந்து பந்தலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் விட்டவர். அவருடைய பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. நீளவாட்டில் தைத்த ஒடுக்கமான நோட்டு, சிவப்புத் துணி அட்டை, 1921ல் தொடங்குகிறது. கரையான் ஒரு மூலையை அரைவட்டமாகத் தின்றிருக்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. முன்பணம் 15-0-0 (ரூபாய், அணா, பை). கம்பளி ஒன்று 3-8-0. வழிச்செலவு. அரிசி. காய்ச்சலில் பதினோரு நாள் பேர் இல்லை. (பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான வருகைப் பதிவு. மழையில் பாதியில் அனுப்பினால் அரைப்பேர்.) சில பக்கங்களில் குறுக்கே ஒரு கோடு இழுத்து 'ஓடிப்போனான்' என்று எழுதியிருக்கும். ஒரு பெண்ணின் பக்கத்தில் மூன்றாவது வரி இப்படி: 'புருஷன் காலமானதால் அவன் பாக்கி 9-4-0 இவள் பேரில் சேர்த்தது.'

அந்த வரியை முதலில் படித்தபோது நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. அடிமை முறையைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவன். தாத்தாவின் கையெழுத்து அழகானது, சுழி பிசகாது. அவர் கெட்டவர் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, நானும் சொல்ல மாட்டேன். அவருமே தோட்டத்திடம் முன்பணம் வாங்கியவர். ஆள் ஓடினால் அந்தப் பணம் அவர் தலையில் விழும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவருடைய சொந்தப் பாக்கியும் இருக்கிறது, அது ஒரு வருஷமும் குறையவே இல்லை. நீங்கள் விலங்கு தேடுகிறீர்களே, எனக்குக் கிடைத்தது இந்த நோட்டுதான். 1835க்கு நெல் அளக்கிற நாழியும் ஓலையும், 1860க்குப் பிறகு பேரேடு. உங்கள் நாவலில் இவற்றை ஒரு பாத்திரமாகவே நடமாட விடுங்கள், இரும்புச் சங்கிலி இல்லாத குறை வாசகருக்குத் தெரியாது.

கப்பலை விட மனமில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, அவளுடைய பிள்ளைகள் காலத்துக்கு நகர்த்துங்கள். 1860ல் மதராசிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் போனது, அதில் ஏறலாம். இன்னொன்று எதிர்த்திசை: கப்பலேறி இங்கே வந்தவர்கள். மலாக்கா, சிங்கப்பூர்ப் பக்கத்துக் குடியேற்றங்களிலிருந்து மதராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை நடுவட்டத்தில் சின்கோனா நட வைத்தார்கள். மரப்பட்டையிலிருந்து கொயினா என்ற காய்ச்சல் மருந்து எடுத்த தோட்டம் அது. விடுதலையானவர்களில் சிலர் இங்கேயே தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கினார்கள், அவர்கள் குடும்பங்களை தர்ஸ்டன் பார்த்து எழுதியிருக்கிறார். கூடலூரிலிருந்து ஊட்டி போகிற பஸ்ஸில் வழியில் அந்தப் பழைய சிறைக் கட்டடத்தைப் பார்க்கலாம்.

பேச்சு மொழியைப் பற்றி ஒன்று. பணியர்களுக்குத் தனி மொழி உண்டு. அது கொச்சை மலையாளம் இல்லை, உடைந்த தமிழும் இல்லை. நாவலில் அவர்களை மழலை பேச வைக்காதீர்கள். அவர்களுக்குள் பேசும்போது நல்ல தெளிவான தமிழில் பேசட்டும். நிலக்காரர் முன்னால் வந்ததும் வாக்கியம் சுருங்கட்டும், ஒற்றைச் சொல்லாகட்டும். 'துரை', 'மேஸ்திரி', 'பாடி' போன்றவை தோட்டத்துப் பொருளில் காப்பிக் காலத்துச் சொற்கள். (தோட்டத்து வரிசை வீடுகளை எங்கள் பக்கம் பாடி என்போம், இலங்கையில் லயம்.) அவற்றை 1835 அத்தியாயங்களில் தூவிவிடாதீர்கள்.

இப்போதைக்கு முதல் அத்தியாயத்தை மட்டும் மாற்றி எழுதிப் பாருங்கள். ஊட்டிச் சந்தையை எடுத்துவிட்டு வயநாட்டில் ஒரு வயல் வரப்பில் தொடங்குங்கள். எழுதும் முன் பங்குனியில் இந்தப் பக்கம் வர முடிந்தால் வாருங்கள், வள்ளியூர்க்காவுக்கு கூடலூரிலிருந்து போய் அன்றைக்கே திரும்பிவிடலாம். பேரேட்டையும் காட்டுகிறேன். பக்கங்கள் உதிர்கின்றன, ஈரக் கையோடு தொடக் கூடாது.